பால்கனி எல்லை தாண்டியிருந்தால் வில்லங்கச் சான்றில் வராது: அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

கட்டிய வீடு வாங்குவோர் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப ஏமாறும் இடம் இது. விற்பவர் 30 வருட வில்லங்கச் சான்றை (சொத்தின் மேல் பதிவான ஆவணங்களைக் காட்டும் பட்டியல்) கையில் கொடுப்பார். அடமானம் இல்லை, பட்டாவும் அவர் பெயரில்தான். 10 லட்சம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மூன்று மாத அக்ரிமென்ட் போடுவார். இரண்டாவது மாதம் வங்கியின் பொறியாளர் வருவார். அனுமதி வரைபடத்தையும் கட்டடத்தையும் ஒப்பிட்டு, முதல் மாடிப் பால்கனி பக்கத்து மனைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதாக எழுதிவிடுவார். கடன் நின்றுவிடும். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால், "வீட்டைப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க? கெடுவுக்குள்ள மீதிப் பணம் வரலைன்னா அட்வான்ஸ் கிடையாதுன்னு எழுதியிருக்கே" என்பார்.

இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் ஓரளவு பிடிமானம் இருக்கிறது என்பதுதான் கவலை. சொத்து மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 55 இரண்டு வெவ்வேறு பொறுப்புகளை விற்பவர் மேல் வைக்கிறது. கிரையத்தன்று சொத்தின் மேல் இருக்கும் வில்லங்கங்களை அவர் தீர்த்துத் தர வேண்டும். சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியமான குறையையும் சொல்ல வேண்டும். ஆனால் வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலே தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. அடமானம் கண்ணுக்குத் தெரியாது. பால்கனி தலைக்கு மேலேயே தொங்குகிறது. "பார்த்திருக்கலாமே" என்ற வாதம் அங்கிருந்துதான் வருகிறது.

அந்தப் பிரிவே 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத நிலையில்' என்றுதான் தொடங்குகிறது. அதனால்தான் அக்ரிமென்டின் நடுப்பக்கத்தில் ஒரு வரி வந்து உட்காரும்: "மேற்படி சொத்தை நேரில் பார்வையிட்டு, முழு திருப்தியடைந்து, உள்ளது உள்ளபடி கிரையம் பெறச் சம்மதிக்கிறேன்." ஆவண எழுத்தர் இதை வழக்கமான வாசகம் என்பார். வீட்டை அளந்து பார்க்கும்வரை இந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள்.

அளப்பது பெரிய வேலை இல்லை. மாடிக்குப் போய், பால்கனியின் வெளி ஓரத்திலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். குண்டு தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். சன்ஷேடு, மாடிப்படி எல்லாவற்றுக்கும் இதேபோல் செய்யுங்கள். பிறகு அந்தக் கோட்டிலிருந்து எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று டேப்பில் பாருங்கள். எல்லை என்றால் காம்பவுண்டுச் சுவர் அல்ல. சுவரைப் பக்கத்து மனைக்குள் தள்ளிக் கட்டியிருந்தால், தாண்டிய பால்கனியும் உள்ளே இருப்பதுபோலத் தெரியும். பத்திரத்திலுள்ள செக்குபந்தி (நான்கு பக்க எல்லை) அளவையும் நில அளவைப் படத்தையும் வைத்து, சர்வேயரைக் கொண்டு எல்லைக் கல் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு அளப்பதே சரி.

அடுத்தது கணக்கு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடத்தில் தூண் இல்லாத சன்ஷேடு, பால்கனி போன்ற நீட்சிகளை அனுமதிக்கிறது. ஆனால் அடுக்குமாடி உயரக் கட்டடம் அல்லாதவற்றில் அந்த நீட்சிக்கும் மனை எல்லைக்கும் நடுவே அரை மீட்டராவது இருக்க வேண்டும். பக்கத்தில் 1 மீட்டர் விட்டுக் கட்டிய வீட்டில் நீட்சி அதிகபட்சம் 50 செ.மீ., அதாவது 1 அடி 7½ அங்குலம். கொத்தனார் பழக்கத்தில் போடும் 2 அடி சன்ஷேடே 61 செ.மீ.; மிஞ்சுவது 39 செ.மீ. மட்டும். 3 அடிப் பால்கனி என்றால் எல்லைக்கு மூன்றரை அங்குலம்கூட முழுதாக இருக்காது. பக்கத்து மனையைத் தொடவில்லையே என்று சமாதானம் சொல்வார்கள். தொடாவிட்டாலும் அது விதிமீறல்தான். நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, பிரிவு 56, 57-இன்படி நோட்டீஸ் வந்தால் அது புது உரிமையாளர் கைக்குத்தான் வரும்.

பால்கனியை மூடி அறையாகவோ குளியலறையாகவோ மாற்றியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். மூடியபின் அது நீட்சி இல்லை, அறையின் பகுதி. முழுக் காலியிடத்தையும் விட்டிருக்க வேண்டும். வெட்டி எடுப்பதும் சுலபமில்லை. தூண் இல்லாத பால்கனியில் பளுவைத் தாங்கும் கம்பி ஸ்லாபின் மேல்பக்கமாக ஓடி வீட்டுக்குள் நீண்டிருக்கும். பொறியாளர் பார்க்காமல் உடைத்தால் உள் ஸ்லாபில் விரிசல் விடலாம், வெட்டிய கம்பி முனை வழியாகத் துருவும் ஏறும்.

பக்கத்து வீட்டுச் சன்ஷேடு நீங்கள் வாங்கும் மனைக்குள் நீட்டியிருக்கிறதா என்பதையும் அதே தூக்குக்குண்டு சொல்லிவிடும். அதன் மழைநீர் 20 ஆண்டுகளாகத் தடையில்லாமல், உரிமைபோல உங்கள் மண்ணில் விழுந்துகொண்டிருந்தால், வசதியுரிமைச் சட்டம், 1882-இன்படி அவர்கள் உரிமை கோரலாம். இதுவும் சொத்தின் மேல் ஒரு சுமைதான், ஆனால் எந்தச் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்திலும் இருக்காது.

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதியாத கைக்கடன் அக்ரிமென்ட், வாடகைக்காரர், உயில், சொத்துவரி பாக்கி எதுவும் அதில் வராது. அதிலும் தேடுதல் சர்வே எண்ணை வைத்துத்தான். இப்போதைய எண் 112/3ஏ1 என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்பிரிவு ஆவதற்கு முன் எழுதிய அடமானம் 112/3 என்று மட்டும் பதிவாகியிருக்கும். புது எண்ணில் மட்டும் தேடினால் சான்று சுத்தமாக வரும். தாய் எண், உட்பிரிவு எண், நகரமானால் டவுன் சர்வே எண் என எல்லாவற்றிலும் தேடுங்கள். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் பார்க்க வேண்டும். அடமானப் பதிவு இருந்தால் அதைத் தீர்த்த ரசீதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடன் அடைந்ததாக வங்கி கொடுத்த கடிதம் மட்டும் போதாது. முந்தைய ஆள் போட்ட அக்ரிமென்ட் பதிவில் நின்றால் இரு தரப்பும் கையெழுத்திட்ட ரத்து ஆவணம் வேண்டும். அசல் மூலப்பத்திரத்தைக் காட்டாமல் நகலையே நீட்டுபவர் அதைத் தனியாரிடம் வைத்துப் பணம் வாங்கியிருக்கக்கூடும்.

அக்ரிமென்டில் "எவ்வித வில்லங்கமும் இல்லை" என்ற ஒரு வரியை நம்பாதீர்கள். அதோடு இப்படி ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்:

"மேற்படி கட்டடத்தின் பால்கனி, சன்ஷேடு, படிக்கட்டு, குழாய் உள்ளிட்ட எந்த நீட்சியும் செக்குபந்தி எல்லையைத் தாண்டவில்லை என்றும், பக்கத்துக் கட்டடத்தின் எந்த நீட்சியும் இம்மனைக்குள் வரவில்லை என்றும், கட்டடம் அனுமதி வரைபடத்தின்படியே உள்ளது என்றும் விற்பவர் உறுதி கூறுகிறார். இதற்கு மாறாக இருப்பது தெரியவந்தாலோ, அக்காரணத்தால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ, முன்பணம் முழுவதையும் 15 நாட்களுக்குள் பிடித்தமின்றித் திருப்பித் தர வேண்டும்."

விற்பவர் இந்தப் பத்தியை எடுக்கச் சொல்லி வற்புறுத்தினால் அன்றைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அனுமதி வரைபட நகலில் இருவரும் கையெழுத்திட்டு இணைத்துக்கொள்வதும் நல்லது. தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவது 2012 முதல் கட்டாயம். செலவை மிச்சப்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பதிந்தால்தான் உங்கள் அட்வான்ஸ் அடுத்து வருபவரின் வில்லங்கச் சான்றில் தெரியும். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள திட்டத்தில், ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கட்டுநருக்கு உரிமை இல்லை.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் கெடு முடியக் காத்திருக்க வேண்டாம். அளவுகளைத் தேதி தெரியும் படங்களோடு எடுத்து, வங்கிப் பொறியாளரின் அறிக்கையையும் எழுத்தில் வாங்கி, கெடுவுக்குள்ளேயே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். கிரையம் நின்றது விற்பவர் குறையால் என்று முதலில் பதிவு செய்வது நீங்களாக இருக்க வேண்டும். உங்கள் தவறு இல்லாமல் கிரையம் நின்றால், கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 55(6)(b) உங்களுக்குப் பொறுப்புரிமை (சொத்திலிருந்தே பணத்தை வசூலிக்கும் உரிமை) தருகிறது. வெறும் கைக்கடன் பாக்கியாக எழுதாமல், நோட்டீஸில் இந்தப் பிரிவைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

அளந்து, திருப்தியாகி, கிரையத்துக்குப் போகிறவர்கள் பதிவுக்கு முந்தின நாள் வரைக்குமான வில்லங்கத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். அக்ரிமென்டுக்கும் கிரையத்துக்கும் நடுவிலுள்ள அந்த மூன்று மாதத்தில்தான் புது அடமானம் ஏறும்.