வாயிலில் சோதிப்பதா, இறங்குமிடத்தில் பிடிப்பதா?

செல் சவ்வில் அயனிகளைக் கடத்தும் துளைகளான அயனிக் கால்வாய்ப் புரதங்கள் தமக்குரிய இடத்தை அடையும் இரு வழிகளை வேலூர் மாணவர்களுக்கு விளக்கக் காட்பாடி சந்திப்பையே காட்டுவேன்: வாயிலில் டிக்கெட் பார்ப்பது ஒன்று, இறங்குமிடத்தில் காத்திருந்து அழைத்துக்கொள்வது மற்றொன்று.

கணையத்தின், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில், பொட்டாசியம் கால்வாயின் எட்டுத் துணையலகுகளும் கூடி, அவற்றிலுள்ள அர்ஜினின்-லைசின்-அர்ஜினின் என்ற அமினோ அமில வரிசையான தடைக்குறி மறைந்தால்தான் புரதங்கள் உருவாகி மடியும் செல்லின் உள்ளறையான எண்டோபிளாச வலை அதை வெளியே விடுகிறது. இது தரத்தைக் காக்குமே தவிர, இடத்தைச் சொல்லாது.

நியூரானின் சோடியம் கால்வாயையோ, அதன் நீண்ட இழையான ஆக்சான் தொடங்கும் பகுதியில் அன்கிரின்-ஜி புரதம் பற்றி நிறுத்துகிறது. இந்தப் பிடிப்பையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஏனெனில் இதயச் சோடியம் கால்வாயின் 1053ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலம் லைசினாக மாறினாலே அன்கிரின் பிணைப்பு அறுந்து, கால்வாய் செல்பரப்பை அடையத் தவறி, இதயத் துடிப்பு சீர்குலையும் புருகாடா நோய்க்குறி தோன்றுகிறது.