நொறுக்குமா, சூடேற்றுமா? நியூட்ரான் விண்மீனுக்குள் கரும்பொருள்

ஆனி, ஆடி மாதங்களில் மேகம் விலகிய இரவில் பாளையங்கோட்டை மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தால், பால்வெளியின் மையம் இருக்கும் தனுசு மண்டலம் நன்றாகத் தெரியும். அந்த மையம் ஏறத்தாழ 52 பாகை உயரம் வரை ஏறும். அங்கே எதிர்பார்த்த அளவுக்குப் பல்சார்கள், அதாவது சுழன்றபடி ரேடியோத் துடிப்பு அனுப்பும் நியூட்ரான் விண்மீன்கள், அகப்படவில்லை. ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருள் (dark matter) புகுந்து அவற்றைக் கருந்துளைகளாக்கிவிட்டதா என்று இங்குள்ள கல்லூரி மாணவர்கள் ஆவலோடு கேட்கிறார்கள். கரும்பொருள் எத்தகையது என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

சூரியனைவிடக் கூடுதலான நிறை, திருநெல்வேலிக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடைப்பட்ட தூரத்துக்குள் அடங்கிக் கிடப்பதுதான் நியூட்ரான் விண்மீன். அதில் விழும் கரும்பொருள் துகள், நியூட்ரான்களோடு மோதி வேகம் இழந்து நடுவில் தங்கும். அப்படிச் சேர்வது தன் எடையாலேயே நொறுங்கிக் கருந்துளையாகி விண்மீனையே விழுங்கலாம் என்று 1989 இல் இயற்பியலாளர்கள் கோல்ட்மேனும் நுசினோவும் எழுதினார்கள். ஆனால் துகள்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் இருந்தால்தான் அது நடக்கும்.

துகள்களில் இரு வகை உண்டு: ஃபெர்மியான்கள், போசான்கள். ஃபெர்மியான்கள் ஒரே நிலையில் ஒன்றுக்கு மேல் இருக்காதவை, நெருங்க மறுப்பவை. சூரியனுக்கு அருகே உள்ள விண்மீன் ஆயிரம் கோடி ஆண்டுகளில் சேர்க்கக்கூடியது, சூரிய நிறையில் கோடி கோடியில் ஒரு பங்கு அளவுதான். அவ்வளவில் நொறுங்க வேண்டுமானால், ஒவ்வொரு துகளும் புரோட்டானைப்போல் சுமார் ஒரு கோடி மடங்கு கனக்க வேண்டும். எனக்கு இது நெருக்கடியான நிபந்தனையாகவே படுகிறது.

போசான்களுக்கு அந்தத் தடை இல்லை. ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் குவியும். அதனால் மிகக் குறைந்த நிறையிலேயே கருந்துளை பிறந்துவிடும். ஆனால் துகள் கனக்கக் கனக்கக் கருந்துளை சிறுத்துப்போகும். மிகச் சிறியது விண்மீனை விழுங்குமுன், கருந்துளை தானே ஆற்றலை உமிழ்ந்து கரையும் ஹாக்கிங் கதிர்வீச்சால் ஆவியாகிவிடும். துகள்கள் தமக்குள் விலக்கிக்கொண்டாலும் நொறுங்கல் தள்ளிப்போகும்.

இந்த இரு வகை நொறுங்கலுக்கும் எதிரான வலுவான சாட்சி ஜே0437-4715 என்ற பல்சார். சுமார் 510 ஒளியாண்டுத் தொலைவில், நூற்றுக்கணக்கான கோடி ஆண்டு வயதில், நொடிக்கு 174 முறை சுழன்றுகொண்டு உயிரோடு இருக்கிறது. நொறுங்கியதாகச் சொல்லும் எந்தக் கணக்கும் இதைத் தாண்டியாக வேண்டும். பால்வெளி மையத்தின் வெறுமையை நான் அவ்வளவாக நம்பவில்லை. இடையிலுள்ள வாயு ரேடியோத் துடிப்பைக் கலைக்கிறது. 2013 இல் அங்கே ஒரு மாக்னட்டார், அதாவது மிக வலிய காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன், அகப்பட்டது. அது இளையது என்பதால் நொறுங்கல் கருத்தை முறியடிக்கவும் இல்லை.

எனவே என் ஓட்டு மூன்றாவது கருத்துக்கு, அதாவது சூடேற்றலுக்கு. விழும் வேகமும், துகள்கள் தம்மை அழித்துக்கொள்வதும் பழைய விண்மீனை ஏறத்தாழ 2,000 கெல்வின் வெப்பத்தில் வைத்திருக்கும் என்பது அந்தக் கருத்து. காணாமல் போனதைத் தேடுவதைவிட, மங்கலாக ஒளிர்வதை அகச்சிவப்பில் தேடுவது நேர்மையான சோதனை. ஜே0437 இதற்கு உதவாது. அதன் மேற்பரப்பு சுமார் 1 லட்சம் கெல்வின். அருகில் குளிர்ந்த, தனித்த, முதிய விண்மீன் ஒன்று வேண்டும். அது 2,000 கெல்வினுக்கு வெகுவாகக் கீழே இருந்தால், நியூட்ரான்களோடு தாராளமாக மோதும் கரும்பொருளுக்கு இடமே இல்லாமல் போகும். அப்போது நொறுங்கல் கணக்கும் தளர்ந்துவிடும்.