கருப்புத் திரைக்கு எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை?

கீழமாசி வீதிக் கடையொன்றில் பில் போட ஒரு பழைய கணினி. படவுருக்கள், சாளரங்கள் கொண்ட டெஸ்க்டாப் இல்லாத டெபியன் (லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று); கருப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் வரும், இதைத்தான் கன்சோல் என்பார்கள். திரை 1366×768 புள்ளி. இதற்கு என்ன அமைப்பு பொருந்தும்?

ஒரு எழுத்துக்கு 8×16 புள்ளி கொண்ட வழக்கமான எழுத்துருவில் வரிக்கு 170 எழுத்து, மொத்தம் 48 வரி. நிறைய இடம்தான், கல்லாவிலிருந்து பார்க்கும் அண்ணாச்சிக்குத்தான் கண் எட்டாது. டெர்மினஸ் என்ற எழுத்துருவை 16×32 அளவில் போட்டால் பளிச்சென்று தெரியும். ஆனால் 85 எழுத்து, 24 வரிதான் கிடைக்கும். பழைய பில்லிங் மென்பொருள் 80×25 (வரிக்கு 80 எழுத்து, 25 வரி) கேட்டால் கடைசி வரி, அதாவது மொத்தத் தொகை, காணாமல் போகும்! 12×24-இல் 113 எழுத்து, 32 வரி. இதையே எடுங்கள்.

எழுத்துருவை மாற்றும் 'செட்ஃபாண்ட்' கட்டளை சோதித்துப் பார்க்க மட்டும், மறுதொடக்கத்தில் போய்விடும். எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து வலை வழியாக நுழையும் முறை) வழியாக அடித்தால் வேலை செய்யாது, அந்த இயந்திரத்தின் முன்னாலேயே உட்கார வேண்டும். நிலைக்க வேண்டுமானால் 'டீபிகேஜி-ரீகான்ஃபிகர் கன்சோல்-செட்டப்' கட்டளையை ஓட்டுங்கள்.

தமிழ்? கன்சோல் எழுத்துருவில் 512 உருவம் வரை வைக்கலாம். 247 எழுத்தும் அடங்குமே என்று தோன்றும். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. 'கெ' யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு என்று பதிவாகிறது; திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தரும் கன்சோலுக்கு அந்த இடமாற்றம் தெரியாது, வந்த வரிசையிலேயே கட்டத்துக்கு ஒன்றாக வைத்துவிடும். எம்எல்டெர்ம் என்ற முனைய மென்பொருளின், டெஸ்க்டாப் இல்லாமலே திரையில் நேரடியாக வரையும் ஃபிரேம்பஃபர் பதிப்பு ஒரு மாற்று. அதைவிட, டெஸ்க்டாப் உள்ள வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைவதே தலைவலி குறைந்த வழி. ஆகவே தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பைக் கன்சோலில் ஏற்றுவதில் பயனில்லை.

விசைப்பலகையில் போட்டி அமெரிக்க அமைப்புக்கும் பிரிட்டிஷ் அமைப்புக்கும்தான். 'நம்மூர் இங்கிலீஷ் பிரிட்டிஷ்தானே' என்று அதைத் தேர்ந்தால் ஷிஃப்ட்+2 அடிக்கும்போது @ வராது, இரட்டை மேற்கோள் வரும். ஷிஃப்ட்+3-இல் # போய் பவுண்டு குறி வரும். கடவுச்சொல் திரையில் தெரியாததால், சரியாக அடித்தும் 'தவறு' என்றே பதில் வரும். நம் கடைகளில் விற்கும் பலகைகள் பெரும்பாலும் அமெரிக்க அச்சு. என்டர் விசை தலைகீழ் 'எல்' வடிவில் இருக்கும் செகண்ட்ஹாண்ட் லேப்டாப் மட்டும் பிரிட்டிஷாக இருக்கலாம். 2-ஆம் விசையின் அச்சைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

வட்டைக் கடவுச்சொல்லால் பூட்டிக் குறியாக்கம் செய்திருந்தால், விசை அமைப்பை மாற்றியபின் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' ஓட்டுங்கள் (கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்). இல்லாவிட்டால் கணினி துவங்கும்போது கேட்கும் கடவுச்சொல்லுக்குப் பழைய விசை அமைப்பே இருக்கும்.