டியூபுலர் பிக்: ஏழு ஊசியும் ஒரு ரப்பர் வளையமும்

விலை இறங்கியிருக்கிறதே, ஏழு ஊசி டியூபுலர் பிக் வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். குழல் வடிவச் சாவி போடும் டியூபுலர் பூட்டைச் சாவியின்றித் திறந்து பழகும் கருவி அது. வாங்கும் முன் காலரை, அதாவது ஊசிகளின் பிடியை இறுக்கும் மூடியை, கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள் என்பதே என் பதில். ஊசி, கைப்பிடி, தோல் பை எல்லாம் எல்லா மாடலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பூட்டு திறப்பதும் திறக்காததும் அந்த வளையத்தின் கையில் இருக்கிறது. நீண்ட நாள் பயன்பாட்டில் இந்தக் கருவி மீது எனக்கு இருக்கும் மரியாதையும் கோபமும் அந்த ஒரே இடத்தில்தான்.

டியூபுலர் பூட்டில் பின்கள் (சின்ன உலோகத் தண்டுகள்) வட்டமாக, முகப்பிலேயே தெரியும்படி நிற்கின்றன. ஒவ்வொன்றையும் அதற்குரிய ஆழத்துக்கு அழுத்தினால் முன்னால் உள்ள ‘முன் பின்’னும் அதன் பின்னால் உள்ள டிரைவர் பின்னும் பிரியும் இடம் வெட்டுக்கோட்டுக்கு, அதாவது பூட்டின் சுழலும் பகுதியும் நிலையான பகுதியும் சேரும் கோட்டுக்கு, வரும். ஏழும் வந்தால் பூட்டு சுழலும். பிக்கின் ஊசிகள் பின்களை உள்ளே தள்ளுகின்றன. கோட்டுக்கு வந்த ஒரு பின், இலேசான திருப்பு விசையில் பிடிபட்டு எதிர்க்கும்போது, அந்த ஊசி மட்டும் பின்னோக்கி வழுக்கி நின்றுகொள்ள வேண்டும். ஆகவே வளையத்தின் பிடி பூட்டின் ஸ்பிரிங்கை விடக் கூடுதலாகவும், பிடிபட்ட பின்னின் எதிர்ப்பை விடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் பின் கோட்டைத் தொடும் முன்பே ஸ்பிரிங் ஊசியைப் பின்னே தள்ளிவிடும். இறுகினால் பின் கோட்டைத் தாண்டி உள்ளே போய், முன் பின்னே வெட்டுக்கோட்டின் குறுக்கே நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சின்னது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஏழு ஊசியும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும்.

மலிவுப் பிக்குகளில் வரும் வளையம் இந்த வேலைக்கு ஆகாது. ஊசிகள் எப்போதும் அதே ஏழு இடத்தில் உரசுவதால் ரப்பரில் ஏழு பள்ளங்கள் விழுகின்றன. எல்லாப் பள்ளமும் ஒரே ஆழத்தில் விழுவதில்லை. காலரை இறுக்கினால் ஐந்து ஊசி இறுகும், இரண்டு தொளதொளவென்று ஓடும். அந்த இரண்டுக்காக இன்னும் இறுக்கினால் மற்ற ஐந்தும் செத்துப்போகும். பழகுபவர் தன் கையைத்தான் சந்தேகப்படுவார், கருவியைச் சந்தேகப்பட மாட்டார். என் எரிச்சல் அதில்தான். எத்தனையோ பேர் ‘எனக்கு இது வராது’ என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு சின்ன டிஜிட்டல் எடைமேடையில் பிக்கைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு ஊசியை மட்டும் நீட்டி, தட்டின் மீது மெதுவாக அழுத்துங்கள். ஊசி வழுக்கத் தொடங்கும் எடையைக் குறியுங்கள். ஏழுக்கும் இப்படிப் பாருங்கள். எண்கள் நெருங்கி இருந்தால் நல்லது. ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு காட்டினால் அந்த வளையம் உதவாது. தற்காலிகமாக, வளையத்தைக் கொஞ்சம் சுழற்றி ஊசிகள் புது ரப்பரில் உட்காரும்படி செய்யலாம். நிரந்தரமாக, பழைய வளையத்தின் உள்விட்டத்தையும் கனத்தையும் வெர்னியரில் அளந்து, ஆயில் சீல் விற்கும் கடையில் அதே அளவு நைட்ரைல் ஓ-ரிங் வாங்கிப் போடுங்கள். ஊசியில் எண்ணெய் மட்டும் வேண்டாம். பிடி போய்விடும். சில ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பியும் விடும். அழுக்கு சேர்ந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும்.

ஊசிகளில் பிசிறு இருக்கும். 600, பிறகு 1000 எண் உப்புத்தாளில் பக்கவாட்டை மட்டும் தேயுங்கள். நுனியில் கை வைத்தால் நீளம் மாறி ஏழும் சமன் இழந்துவிடும்.

அளவு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கடைகளில் 7.0, 7.5, 7.8 மி.மீ. என்று மூன்று கிடைக்கும். வாங்கும் முன் உங்கள் பூட்டின் சாவியை வெர்னியரில் அளந்துவிடுங்கள். பின்களின் இருப்பும் முக்கியம். நடுத்தண்டின் வெட்டுக்கு நேராகப் பின்கள் சீராக அமைந்த பூட்டும் உண்டு, இடமாகவோ வலமாகவோ தள்ளி அமைந்ததும் உண்டு. சீரான அமைப்புக்கான பிக்கைத் தள்ளி அமைந்த பூட்டில் செருகினால் ஊசிகள் பின்களுக்கு நடுவில் போய் இடிக்கும்.

பழக ஏழு பின் கேம் லாக் (அலமாரி, பெட்டிகளில் பொருத்தும் சின்னப் பூட்டு) ஒன்றைச் சாவியோடு வாங்கி, மரக்கட்டையில் துளையிட்டு நட்டு போட்டு, வைஸில் இறுக்குங்கள். எல்லா ஊசியையும் முன்னே தள்ளி ஒரு தட்டையான பரப்பில் வைத்துச் சமன் செய்யுங்கள். காலரை, விரலால் தள்ளினால் ஊசி நகரும் அளவுக்கு இறுக்குங்கள். நேராகச் செருகி, கடிகார முட்களின் திசையில் நூலிழை அளவு திருப்பு விசை கொடுத்து, உள்ளே அழுத்தியபடி இடமும் வலமும் சிறிதாக ஆட்டுங்கள். பிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். இறங்காமல் நின்றால் திருப்பு விசை அதிகம் என்று பொருள். விட்டுவிட்டு, வெளியே எடுத்து, மறுபடி சமன் செய்து தொடங்குங்கள். தாண்டிப்போன பின்னை மேலும் அழுத்திச் சரிசெய்ய முடியாது.

எந்தச் சரிசெய்தலுக்கும் மசியாத பூட்டுகளும் உண்டு. ஒரு பின்னுக்கு மட்டும் கடினமான ஸ்பிரிங் போட்டிருந்தால் ஒரே பிடியில் ஏழு ஊசியையும் ஆள முயலும் இந்தக் கருவியின் கணக்கு அடியோடு உடைகிறது. அங்கே தனித்தனி பின்னாக அழுத்தும் வழிதான் மிச்சம். அதில் பின்கள் அமர்ந்து பூட்டு ஏழில் ஒரு பங்கு சுழன்றதும் முன் பின்கள் அடுத்த டிரைவர்களுக்கு நேராக வந்து மறுபடி பூட்டிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து. பாதியில் விட்டால் நடுத்தண்டின் வெட்டு இடம் மாறி நிற்பதால் சொந்தச் சாவியே உள்ளே போகாது. நமதல்லாத பூட்டையும், நமதே ஆனாலும் பயன்பாட்டில் இருக்கும் பூட்டையும் தொடக் கூடாது என்று இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோபத்தை ஒதுக்கிவிட்டு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பூட்டு சுழன்றதும் காலரை முழுக்க இறுக்கி பிக்கை வெளியே எடுத்தால், ஏழு ஊசிகளும் அந்தச் சாவியின் வெட்டுகளை அப்படியே காட்டி நிற்கும். ஏஸ் என்னும் டியூபுலர் பூட்டு வகையில் எட்டு ஆழங்கள், படிக்குப் படி சுமார் 0.4 மி.மீ. ஒவ்வொரு ஊசியும் எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று அளந்து எழுதி, அசல் சாவியோடு ஒப்பிடுங்கள். ஏழும் பொருந்தும் அந்தக் கணம் வேறு எந்தப் பிக்கும் தராதது. சாதாரணப் பின் பூட்டைத் திறந்தால் திறந்தது மட்டுமே தெரியும். இங்கே பூட்டின் உள்ளமைப்பே கையில் வந்துவிடுகிறது.

சிகாகோ லாக் நிறுவனம் 1933-இல் ஏஸ் பூட்டைக் கொண்டுவந்தது. 2004-இல் கிரிப்டோனைட் நிறுவனத்தின் சைக்கிள் பூட்டுகளை ‘பிக்’ (Bic) என்ற பிராண்டு பேனாவின் குழலாலேயே திறக்கலாம் என்று பரவியபோது உலகமே அதிர்ந்தது. கிரிப்டோனைட் பூட்டுகளை மாற்றிக் கொடுத்தது. அந்தக் குழல் செய்ததும் நம் கருவி செய்வதும் ஒன்றே. எதிர்க்கும் பின்னுக்கு நேரே மென்மையான பிளாஸ்டிக் அமுங்கி அந்த ஆழத்தைப் பதிந்துகொள்கிறது. அதில் ஊசி இல்லை, வளையம் இல்லை, சுற்றிலும் ஒரே மென்மை. ஒரு பேனா இயல்பாகப் பெற்றிருந்த சீரான பிடியை, இத்தனை ஆண்டு கழித்து, கடைசல் செய்த எஃகுக் கருவிக்கு ஏன் கொடுக்க முடியவில்லை?

அதனால் இவ்வளவு பாராட்டிய பிறகும் என் பதில்: இப்போதிருக்கும் வளையத்தோடு, இறங்கிய விலையிலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பூட்டில் செருகும் முன் ஓ-ரிங்கை மாற்றிவிடுங்கள்.