லீவரா, பெட்டியா? போதையைப் பற்றி எலியிடம் கேட்கும் இரண்டு வழிகள்

குலசேகரத்தில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கும் குளச்சலில் கரமடி இழுக்கிறவருக்கும் முதுகுவலி பொதுச்சொத்து. அதற்கு டாக்டர்கள் எழுதும் மாத்திரைகளில் டிரமடால் என்ற அபின் வகை வலி மருந்தும் ஒன்று. ஜெர்மனியில் 1977இல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 1995இல் எந்தப் போதைப் பட்டியலிலும் சேராமல் அனுமதி பெற்றது. 2014இல் அமெரிக்காவும் 2018இல் இந்தியாவும் அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏற்றின. இதை வகுப்பில் சொன்னதும் பார்மசி மாணவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சார், எலியில பாத்துட்டுத்தானே விட்டிருப்பாவ? இது போதை தரும்னு அங்க தெரியலியா?"

எலியிடம் எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது அது.

முதல் வழி லீவர். 1962இல் ஜேம்ஸ் வீக்ஸ் எலிகளில் இதைச் செய்து காட்டினார். எலியின் கழுத்துச் சிரையில் மெல்லிய குழாயைச் செருகி, மறுமுனையை ஒரு பம்பில் இணைப்பார்கள். எலி லீவரை அழுத்தினால் ஒரு டோஸ் நேராக ரத்தத்துக்குள் போகும். யாரும் ஊட்டிவிடுவதில்லை, வேண்டுமென்றால் அழுத்தலாம், வேண்டாமென்றால் சும்மா இருக்கலாம். மார்ஃபீன், ஹெராயின், கோகெயின், ஆம்ஃபிட்டமின் என மனிதர்கள் தேடிப்போகும் சரக்கில் பெரும்பாலானவற்றை எலியும் குரங்கும் தேடித்தேடி அழுத்துகின்றன. ஆசை எவ்வளவு என்பதையும் அளக்கலாம். முதல் டோஸுக்கு ஒரு அழுத்து, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு, ஆறு, ஒன்பது என்று விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில் எலி "போதும்" என்று விட்டுவிடும். அந்த எண்தான் பிரேக்பாயின்ட். இரண்டு மருந்துகளை எதிரெதிரே நிறுத்திப் பார்க்க இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வழி பெட்டி. இட விருப்பத்தை அளக்கும் இந்தச் சோதனையை ஆய்வகத்தில் சி.பி.பி. (கண்டிஷன்டு பிளேஸ் பிரிஃபரன்ஸ்) என்பார்கள். இரண்டு அறைகள்: ஒன்றில் கோடு போட்ட சுவரும் கம்பித் தரையும், மற்றதில் வெறும் சுவரும் சொரசொரப்பான தரையும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் மருந்து கொடுத்து ஓர் அறையில் அடைப்பார்கள், மறுநாள் உப்புநீர் கொடுத்து இன்னொன்றில். சில நாள் இப்படிப் பழக்கிவிட்டு, கடைசி நாள் மருந்தே இல்லாமல் கதவைத் திறந்து, எலி எந்த அறையில் அதிக நேரம் இருக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். அறுவை சிகிச்சை கிடையாது. இரண்டு வாரத்துக்குள் முடியும். பெட்டியைத் தச்சரிடமே செய்து வாங்கலாம். நம் பக்கத்து கல்லூரிகளுக்கு இதுதான் கட்டுப்படியாகும்.

ஆனால் பெட்டி ஏமாற்றும். எலிக்கு இயல்பிலேயே இருட்டு பிடிக்கும், வெளிச்சமான வெள்ளை அறை பயம். வெள்ளை அறையில் வைத்து ஒரு பதற்றக் குறைப்பு மருந்தைக் கொடுத்தால், அது எலிக்குச் சுகம் தந்ததா, பயத்தை மட்டும் குறைத்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டிலும் எலி வெள்ளை அறையில்தான் நிற்கும். இதனால் பாதி எலிகளுக்கு ஓர் அறையிலும் மீதிக்கு மற்ற அறையிலும் மருந்தைச் சேர்க்க வேண்டும். திட்டச் சுருக்கங்களில் இந்த ஒரு வரி இல்லையென்றால் நான் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவேன். இன்னொரு குறை, டோஸை ஏற்றினால் விருப்பமும் அதே விகிதத்தில் ஏறாது. பிடித்ததா, இல்லையா என்பதுவரை பெட்டி சொல்லும். எவ்வளவு என்று கேட்டால் தடுமாறும்.

லீவரின் குறைகள் வேறு மாதிரி. குழாய் சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை ஊற்றிக் கழுவ வேண்டும், பழகிய எலி பாதியில் வீணாகும். துலா மழை இடியில் கரண்ட் போனால் பம்பும் போகும். பணத்தைவிடப் பெரிய சிக்கல், தனிக் கூண்டில் வேறெதுவும் இல்லாத எலி அழுத்துவதில் என்ன ஆச்சரியம் என்ற கேள்வி. 2007இல் பிரான்ஸில் கோகெயினையும் சாக்கரின் இனிப்பு நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, பெரும்பாலான எலிகள் இனிப்பையே தேர்ந்தெடுத்தன. 2004இல் வெளியான இன்னொரு ஆய்வில், மூன்று மாதம் கோகெயின் அழுத்திய எலிகளிலும் சுமார் 17 சதவீதம் மட்டுமே அடிமைத்தனத்துக்குரிய எல்லா அடையாளங்களையும் காட்டின. கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி.க்கு எலி எளிதில் அழுத்தாது, மாயக்காட்சி காட்டும் எல்.எஸ்.டி.க்கும் அப்படியே.

இப்போது டிரமடால். குரங்குகளின் லீவர் சோதனையில் அது மார்ஃபீனைவிடப் பலவீனமாகவே தெரிந்தது. பொய்யான முடிவு இல்லை. ஆனால் மருந்தைச் சிரையில் விட்டார்கள், மனிதனோ விழுங்குகிறான். குடலிலிருந்து போகும் மாத்திரை முதலில் கல்லீரலைக் கடக்கும், அங்கே சி.ஒய்.பி.2டி6 என்ற நொதி அதில் ஒரு பகுதியை, மூளையில் அபின் வகை மருந்துகள் ஒட்டும் இடமான அபின் ஏற்பியில் பல மடங்கு இறுக்கமாக ஒட்டும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். ஒரே பனையிலிருந்து இறக்கினாலும், கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி (பதநீர்), தடவாவிட்டால் கள்ளு, அந்தக் கதைதான். ஊசி கல்லீரலின் முதல் சுற்றைத் தாண்டிவிடுவதால் கள்ளு குறைவாகவே ஊறும்.

இங்கே பெட்டிக்கு ஒரு நன்மை இருக்கிறது: மருந்தை வாய்வழி கொடுத்தே சோதிக்கலாம். ஆனால் மெதுவாக ஏறும் மருந்தை எலி எந்த அறையோடு சேர்த்து நினைவில் வைக்கும் என்பதில் தடுமாற்றம் வரும். அடைக்கும் நேரத்தை மருந்து ரத்தத்தில் ஏறும் நேரத்தோடு பொருத்தியாக வேண்டும்.

மருந்தை நிறுத்தினால் எலி நடுங்குகிறதா, சுண்டெலி குதிக்கிறதா என்று எண்ணும் சோதனையையும் சிலர் போதைச் சோதனை என்கிறார்கள். அதை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் உடம்பு படுத்தும், அதற்காக யாரும் அதைத் திருடித் தின்பதில்லை. கோகெயினை நிறுத்தினால் உடல் நடுக்கம் பெரிதாக இல்லை, ஏக்கம் மட்டும் போகாது.

புது மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவரும் கம்பெனி என்றால் லீவர்தான், அதில் மறுபேச்சில்லை. எம்.ஃபார்ம். மாணவருக்கு ஆறு மாதமும் கையளவு பணமும்தான் இருக்கும். அவர் பெட்டியை எடுக்கட்டும்; அறைகளை மாற்றி மாற்றி ஒதுக்கட்டும்; மார்ஃபீனுக்கு உரிமம் வாங்குவது பெரும்பாடு என்பதால், ஒப்பிடும் மருந்தை விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்யட்டும். தலைப்பில் 'அடிமையாக்கும் தன்மை' என்று எழுத வேண்டாம். பெட்டி அளந்தது இட விருப்பம், அதையே எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாரும் மடக்க முடியாது.