ஊர் வைத்தியசாலையா, காப்புறுதியா?

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ள அம்மாவின் மாதாந்தக் கிளினிக்கை நகரத்துப் பெரிய வைத்தியசாலையிலிருந்து எங்கள் ஊர்ப் பிரதேச வைத்தியசாலைக்கு மாற்றி இரண்டு ஆண்டுகளாகின்றன. அதற்கு முன் தனியார் காப்புறுதியையும் விசாரித்திருந்தேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

இலங்கையின் இலவச மருத்துவத்தைச் சீர்திருத்தப் பேசப்படும் வழிகளுள் முதன்மையானவை இரண்டு. நிபுணர்கள் உள்ள ஒரு வைத்தியசாலையை மையமாக்கி, சுற்றியுள்ள சிறிய வைத்தியசாலைகளை அதனுடன் கொத்தணியாக இணைப்பது ஒன்று. சுகாதார அமைச்சின் 2018 ஆம் ஆண்டுக் கொள்கை இதையே சொல்கிறது. அரச ஊழியருக்கு உள்ள அக்ரஹார போன்ற காப்புறுதியை எல்லோருக்கும் விரிப்பது மற்றையது. சிறு கட்டணம் அறவிடலாம் என்போரும் உண்டு. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கி, 1977 இல் அதைக் கைவிட்டதை அவர்கள் நினைவுகூர்வதில்லை.

காப்புறுதியால் தெரிவு கூடும், காத்திருப்புக் குறையும். ஆனால் நான் விசாரித்த திட்டங்கள் விடுதியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருவனவாக இருந்தன. ஏற்கெனவே உள்ள நோயென்றால் அதற்கும் நிபந்தனை. அம்மாவுக்குச் செலவு வைப்பதோ விடுதியல்ல, ஆயுள் முழுவதும் விழுங்கவேண்டிய நீரிழிவுக்கான மெற்போமினும் இரத்த அழுத்தத்துக்கான லொசாட்டனும்தான். அந்த மாதாந்தச் செலவை எது சுமக்கிறதோ அதுவே எனக்குச் சீர்திருத்தம். ஊர்க் கிளினிக்கில் மருந்து இலவசம். ஓட்டோக் கூலி மிச்சம். கொப்பியைப் புரட்டாமலே வைத்தியருக்கு அம்மாவைத் தெரிகிறது.

கொத்தணி முறை தடுமாறுவதும் மருந்தில்தான். 2022 பொருளாதார நெருக்கடியின்போது எங்கும் தட்டுப்பாடு இருந்தது என்பது வேறு கதை. வழமையான நாட்களிலும் நிபுணர் எழுதும் குளிசை சிறிய வைத்தியசாலையின் களஞ்சியத்தில் இல்லாமற் போவதுண்டு. நிபுணர் இருக்கும் நகரத்துப் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழும், ஊர் வைத்தியசாலைகள் மாகாண நிருவாகத்தின் கீழும் இருப்பதால், ஒருவர் எழுதுவதை மற்றவர் கையிருப்பில் வைத்திருப்பதற்கு இரு தரப்பும் ஒரே பட்டியலில் உடன்படவேண்டும். அது நடக்காத மாதங்களில் "வெளியில் வாங்குங்கள்" என்ற துண்டோடு பார்மசிக்குப் போய், இலவசத்தின் விலையை நானும் கொடுத்திருக்கிறேன். கட்டடத்துக்குப் பூசும் வர்ணத்தைவிட இந்தப் பட்டியலுக்குத்தான் பணமும் ஆளும் தேவை.

எங்கள் வீட்டில் இதுவரை எவருக்கும் இருதயச் சத்திரசிகிச்சையோ புற்றுநோய்ச் சிகிச்சையோ தேவைப்படவில்லை. அத்தகைய பெருஞ்செலவில் காப்புறுதி வெல்லக்கூடும்; அனுபவமில்லாத அந்த இடத்தில் என் தீர்ப்பை நீட்டமாட்டேன்.