பிஎஸ்2 ஸ்பைடர்மேன் 2: இத்தனை வருஷமா நான் வேற கேமத்தான் திட்டிட்டு இருந்திருக்கேன்

2004ல வந்த ஸ்பைடர்மேன் 2 கேம்னா மொக்கைன்னுதான் நான் ரொம்ப நாளா சொல்லிட்டு திரிஞ்சேன். காரணம் இருக்கு. அப்ப நான் ஏழாவது, அதே பேர்ல வந்த படத்த தமிழ் டப்பிங்ல பார்த்துட்டு வந்து ஒரு மாசம் அப்பா உயிர வாங்கி கம்ப்யூட்டருக்கு அந்த கேம் சிடிய வாங்கினேன். போட்டா, வலை விடணும்னா ஸ்கிரீன்ல ஒரு குறி வரும், அது மேல மவுஸ கொண்டு போய் கிளிக் பண்ணணும், குறி இல்லாத இடத்துல ஒண்ணும் பண்ண முடியாது. ஸ்பைடர்மேன் இல்ல அது, ஸ்டாப்பிங்ல மட்டும் நிக்கிற டவுன் பஸ்.

மதுரையில பெரியம்மா பையன் வச்சிருந்தது பிஎஸ்2, அதாவது டிவியில மாட்டி ஆடற ப்ளேஸ்டேஷன் 2. லீவுக்கு போறப்பல்லாம் "டேய், ஊர் முழுக்க சுத்தலாம்டா, எந்த பில்டிங்ல வேணா ஏறலாம்டா"ன்னு அண்ணன் அளந்துவிடும், ஆனா கன்ட்ரோலர கையில தராது, நானும் இவன் சும்மா பீலா விடறான், நம்மகிட்டயும் அதே கேம்தான இருக்குன்னு நினைச்சுக்குவேன். போன மாசம் பெரியம்மா வீடு மாத்தறாங்கன்னு ஹெல்ப்புக்கு போனா பரண் மேல இருந்து அந்த பிஎஸ்2 இறங்குச்சு, "எடுத்துட்டு போடா, என் பொண்ணுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது"ன்னு சொல்லிருச்சு அண்ணன். இருபது வருஷம் லேட்டா அப்பத்தான் விஷயம் புரிஞ்சது. பேரு ஒண்ணு, கேம் ரெண்டு! பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ், கேம்க்யூப்னு மூணு கேம் மெஷினுக்கும் ட்ரேயார்க்ங்கிற கம்பெனி பண்ணது ஒரு கேம், கம்ப்யூட்டருக்கு வேற ஒரு டீம் சின்னப் பசங்களுக்குன்னு பண்ணது இன்னொண்ணு. நான் வளர்ந்தது ரெண்டாவதுல.

சரி, பிஎஸ்2 கேம் எப்படின்னா, ஒரே ஒரு வேலைய இது மாதிரி யாரும் பண்ணல, மத்த எல்லாத்தையும் சுமாரா பண்ணிருக்காங்க. அந்த ஒரு வேலை, வலையில தொங்கிட்டு போறது.

2002ல முதல் படத்துக்கு வந்த கேமயும் இதே ட்ரேயார்க்தான் பண்ணாங்க. அதுல வலை மேல போகும், எதுல ஒட்டுதுன்னு பார்த்தா வானத்துல ஒட்டிட்டு இருக்கும். ரோட்டுக்கும் இறங்க முடியாது, கீழ விழுந்தா அவ்ளோதான். இந்த கேம்ல வலை நிஜமா ஒரு கட்டடத்துல போய் ஒட்டணும். வலது பக்கம் கட்டடம் இருந்தா வலை வலது பக்கம் போகும், உடம்பும் அந்தப் பக்கம் இழுக்கும். நடு ரோட்டுக்கு மேல நேரா போகணும்னா இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி விடணும். மூலையில திரும்பணும்னா மூலைக் கட்டடத்த குறி வச்சு விட்டா அதுவே சுழட்டிக் கொண்டு போய் அடுத்த தெருவுல விடும். கட்டடமே இல்லாத இடத்துக்கு போயிட்டா கதை முடிஞ்சுது, நியூயார்க்ல சென்ட்ரல் பார்க்னு ஒரு பெரிய பூங்கா, அந்தப் பக்கம் போறப்பல்லாம் சேர்த்து வச்ச வேகம் மொத்தமும் புஸ்ஸுன்னு போயிரும்.

எங்க அப்பா ஊர்ல கிணத்து மேல ஆலமரம் சாய்ஞ்சிருக்கும், விழுத புடிச்சு ஆடி தண்ணிக்குள்ள குதிப்போம், ஆடினவங்களுக்கு தெரியும், எந்த இடத்துல கைய விடறோம்ங்கிறதுதான் மேட்டரே, சீக்கிரம் விட்டா சொத்துன்னு பக்கத்துலயே விழுவோம், லேட்டா விட்டா மேல மட்டும் போயிட்டு அதே இடத்துல செங்குத்தா இறங்குவோம், நடுவுல ஒரு நொடி இருக்கு, அதுல விட்டாதான் தூரம். இந்த கேம்ல ஆர்2 பட்டன புடிச்சிருக்கிற விரலுக்கு தெரியறது அப்படியே அதுதான். ஊஞ்சல் தாழ வந்து மேல ஏற ஆரம்பிக்கும்போது விட்டு ஜம்ப் தட்டினா ஆளு பறக்கறான். நேரம் தப்பினா எதிர் பில்டிங் கண்ணாடில போய் பல்லி மாதிரி ஒட்டிக்கிறான். முதல் ரெண்டு மணி நேரம் நான் பல்லிதான். மூணாவது மணி நேரத்துல எப்பன்னு தெரியல, கை பிடிபட்டிருச்சு.

இன்னொண்ணு, இதுல விழுந்தா அடிபடும். எம்பயர் ஸ்டேட் பில்டிங் உச்சிக்கு சுவத்துலயே ஏறி (ஏறவே நேரம் ஆகும், அவ்ளோ உயரம்) அங்கிருந்து தலைகுப்புற குதிச்சு, மஞ்சள் டாக்ஸி எல்லாம் புள்ளியா இருந்து பெருசாகி பெருசாகி வரும்போது கடைசி நொடியில வலை விட்டா, பஸ் கூரைய உரசிட்டு மேல எழும்பும் பாருங்க, அந்த நிமிஷம் வயித்துக்குள்ள ஏதோ பண்ணும். விடாம போனா தரையில அறைஞ்சு ஹெல்த்து காலியாகும். இப்ப வர்ற ஸ்பைடர்மேன் கேம்கள்ல பொதுவா எவ்ளோ உயரத்துல இருந்து விழுந்தாலும் அழகா போஸ் குடுத்து இறங்கறான், ஒரு கீறல் இல்ல. 2018ல இன்சோம்னியாக்ங்கிற கம்பெனி பண்ணது அழகுல இத விட எங்கயோ மேல, வலையும் அதுல கட்டடத்துலதான் ஒட்டும், அத குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா அதுல முதல் நாளே நான் சூப்பரா பறந்தேன். இதுல பறக்கறதுக்கு கத்துக்கணும்.

இந்த ஊஞ்சல் சமாச்சாரத்த போராடி கொண்டு வந்தவர் ஜேமி ஃபிரிஸ்ட்ராம்னு ஒரு டிசைனர். அத விட பெரிய கூத்து, இது படத்தோட அதே வாரம் கடைக்கு வந்தாகணும்னு செஞ்ச கேம். படத்துக்கு பண்ற கேம்னா பொதுவா எப்படி இருக்கும்னு நமக்கு தெரியும், போஸ்டர ஒட்டி விக்கிற சரக்கு. நம்ம நாட்டுலயும் 2011ல ரா.ஒன் படத்துக்கு பிஎஸ்2லயும் பிஎஸ்3லயும் கேம் விட்டாங்க, எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு சொல்லுங்க. அப்படி ஒரு அவசரத்துக்குள்ள 32 எம்பி ரேம் இருக்கிற பொட்டியில நியூயார்க்கோட மன்ஹாட்டன் தீவு முழுசையும் லோடிங் ஸ்கிரீன் இல்லாம ஓட விட்டிருக்காங்க. தூரத்துக் கட்டடம் எல்லாம் மூடுபனிக்குள்ள இருந்து திடீர்னு முளைக்கும், ரோட்டுல நடக்கிற ஜனங்க மூஞ்சி மைதா மாவுல பிசைஞ்சு வச்ச மாதிரி இருக்கும், கார் எல்லாம் சோப்பு டப்பா. பெரிய டிவியில போட்டா இன்னும் கேவலம். பழைய டப்பா டிவி கிடைச்சா அதுல போடுங்க, நான் வீட்டு ஓனர் மாடியில போட்டு வச்சிருந்தத கேட்டு வாங்கினேன்.

பீட்சா மிஷன பத்தி சொல்லாம இருக்க முடியாது. படத்துல பீட்டர் (ஸ்பைடர்மேனோட நிஜப் பேரு) பீட்சா டெலிவரி பண்ணி வேலை போகுமே, அது இங்க சைடு வேலை. பீட்சாவ முதுகுல கட்டிக்கிட்டு டைமுக்குள்ள வீடு வீடா குடுக்கணும், ரொம்ப பல்டி அடிச்சா பீட்சா உள்ள கொழகொழன்னு ஆயிடும். பின்னாடி ஃபுனிகுலி ஃபுனிகுலான்னு ஒரு இத்தாலி பாட்டு ஓடிட்டே இருக்கும், ஒரு வாரம் குளிக்கும்போதும் அதேதான் வாயில வருது எனக்கு. ஊரக் காப்பாத்தறவன் டிப்ஸுக்கு ஓடறான்னு சிரிப்பா இருக்கும், ஆனா யோசிச்சா கேம்லயே பெஸ்ட்டு மிஷன் இதுதான், ஏன்னா சண்டை இல்ல, வசனம் இல்ல, நீங்க எவ்ளோ நல்லா தொங்கறீங்கங்கிறத மட்டும்தான் பார்க்குது. ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக்கு சாப்பாடு டெலிவரி பண்ண வந்த தம்பி ஹெல்மெட்டோட டிவியப் பார்த்துட்டு "அண்ணா இது நம்ம வேலையாச்சே"ன்னுட்டு போனான்.

இதுக்கு அப்புறம் வர்றதெல்லாம் குறைதான்.

ரோட்டுல நடக்கிற குற்றங்கள் மொத்தமே ரெண்டு கை விரல்ல எண்ணிரலாம். எவனோ ஒருத்தன் கட்டடத்துல தொங்கிட்டு இருப்பான், தூக்கி கீழ விடணும். ஒரு படகு மூழ்கும். பர்ஸ் அடிச்சுட்டு ஓடுவான். அடிபட்டவர ஆஸ்பத்திரியில சேர்க்கணும். பணம் கொண்டு போற வண்டிய மடக்குவாங்க. அதே குரல், அதே வசனம், அதே ஆளு. ஒரே மத்தியானத்துல நாலு தடவை அதே ஆள தொங்கல்ல இருந்து எடுத்து விட்டேன், அஞ்சாவது தடவை கேட்காத மாதிரி போயிட்டேன், ஹீரோவுக்கு அழகில்லதான். போதாததுக்கு கதை அடுத்த கட்டத்துக்கு போகணும்னா இவ்ளோ ஹீரோ பாயின்ட் சேர்த்துட்டு வான்னு நிறுத்தி வச்சிருவாங்க, அதுக்காகவே இதையெல்லாம் பண்ணியாகணும். ரேஷன் கடை க்யூ மாதிரி. ஒரே சமாதானம், அந்த பாயின்ட்ட வச்சு கடையில வேகம் வாங்கலாம், ஒவ்வொரு தடவை வேகம் ஏத்தும்போதும் ஊரே சின்னதாயிட்ட மாதிரி இருக்கும்.

பலூன் விட்ட குழந்தைகள தனியா சொல்லணும். "என் பலூன்!"னு இங்கிலீஷ்ல ஒரு அழுகை. பலூன் அது பாட்டுக்கு மேல போகுது, அத சுத்து போட்டு புடிச்சுட்டு வந்து கையில குடுக்கணும். அந்த அழுகை சத்தம் வந்தா என் பொண்டாட்டி ரூம் கதவ சாத்திருவா.

சண்டை சுமார். அடிக்க வரும்போது ஸ்பைடர்மேனுக்கு முன்கூட்டியே தெரியும், அந்த நேரம் பட்டன தட்டி விலகி திருப்பி அடிக்கலாம், நேரத்த மெதுவாக்கிற வசதியும் இருக்கு, ரவுடிய வலையில கட்டி லைட்டு கம்பத்துல தொங்க விடறது மட்டும் இன்னைக்கும் சலிக்கல. ஆனா ரூமுக்குள்ள சண்டை வந்தா கேமரா எங்க பார்க்குதுன்னு கடவுளுக்கே வெளிச்சம், ரைனோங்கிற வில்லன் ஒரு பக்கம் முட்ட வர்றான், கேமரா சுவத்தப் பார்த்துட்டு நிக்குது. பிளாக் கேட்ங்கிற பொண்ணு பின்னாடி மாடி மாடியா ஓடற மிஷன் எனக்கு பிடிச்சுது, கன்ட்ரோலர தூக்கி எறியலாம்னு தோணினதும் அதே மிஷன்லதான். மிஸ்டீரியோங்கிற வில்லன வச்சு ஒரு காமெடி இருக்கு, ஒரு சின்ன கடைக்குள்ள வந்து நிப்பான், மூணு ஹெல்த் பார் ஒண்ணு மேல ஒண்ணா நிரம்பும், ஐயோ செத்தோம்னு நினைச்சு ஒரு குத்து விடுங்க. இதுக்கு மேல சொன்னா மஜா போயிடும்.

படத்துல நடிச்ச டோபி மகுவயர், கிர்ஸ்டன் டன்ஸ்ட், ஆல்ஃபிரட் மோலினா மூணு பேருமே இதுக்கும் குரல் குடுத்திருக்காங்க. மோலினா பிரமாதம், வில்லன் டாக்டர் ஆக்டோபஸா பேசற குரல்ல ஒரு கனம் இருக்கு. மகுவயர் மதியம் சாப்பிட்டுட்டு தூக்கக் கலக்கத்துல பேசின மாதிரி இருக்கு, மன்னிக்கணும். எல்லாரையும் தூக்கி சாப்பிடறது புரூஸ் காம்ப்பெல். படத்துல பீட்டர நாடகத்துக்கு உள்ள விடாம வாசல்லயே நிறுத்தி வைப்பாரே அந்த வாட்ச்மேன் மாதிரியான ஆளு, அவர்தான் கேம்ல எந்த பட்டன எப்ப அழுத்தணும்னு சொல்லிக் குடுக்கிற குரல். சொல்லிக் குடுக்கிற சாக்குல ஓட்டு ஓட்டுன்னு ஓட்டறாரு. ஊர்ல அங்கங்க கேள்விக்குறி மாட்டி வச்சிருப்பாங்க, தொட்டா வந்து நக்கல் அடிப்பாரு. குறிப்பு வேணாம்னாலும் அதுக்காகவே தேடிப் போய் தொட்டேன்.

கதை படத்தோட கதைதான், நடுவுல படத்துல இல்லாத வில்லன்கள சொருகிருக்காங்க. காதலி எம்ஜேவ குறிச்ச நேரத்துக்குள்ள போய் பார்க்கணும், பத்திரிகைக்கு ஃபோட்டோ எடுத்துட்டு வரணும்னு டைம் வச்சு விரட்டிட்டே இருக்கும், வேலையும் பார்த்து வீட்டுக்கும் போய்ச் சேரத் தெரியாதவன் கஷ்டம் நமக்கும் கொஞ்சம் ஏறும். கதை முடிஞ்சும் ஊர மூடிட மாட்டாங்க, சுத்திட்டே இருக்கலாம். நான் இப்ப அதத்தான் பண்ணிட்டு இருக்கேன், ஆபீஸ் விட்டு வந்து அரை மணி நேரம், மிஷன் ஒண்ணும் எடுக்காம, இந்தத் தீவோட தெற்கு முனையில இருந்து வடக்கு வரைக்கும் தரையில கால் வைக்காம போக முடியுதான்னு. சென்ட்ரல் பார்க் ஓரமா சுத்திக்கிட்டு போனா முடியும்.

வாங்கணும்னு நினைக்கிறவங்களுக்கு: இத யாரும் திருப்பி வெளியிடல, இப்ப இருக்கிற மெஷின்கள்ல டவுன்லோடு பண்றதுக்கும் கிடையாது, பழைய டிஸ்க்குதான் கதி. எக்ஸ்பாக்ஸ் டிஸ்க் கிடைச்சா படம் இன்னும் தெளிவா இருக்கும். அண்ணன் குடுத்த டிஸ்க் கோலம் போட்ட மாதிரி கீறலா இருந்துச்சு, பழைய கேம் விக்கிற ஒருத்தர்கிட்ட வேற ஒண்ணு எடுத்தேன், வெளிச்சத்துல புடிச்சு பார்த்துட்டு வாங்குங்க. தயவு செஞ்சு கம்ப்யூட்டர் சிடி எவனாவது சும்மா குடுத்தாலும் வேணாம். அப்புறம் 8 எம்பி மெமரி கார்டு ஒண்ணு முதல்ல வாங்கிட்டு உக்காருங்க, நான் அது இல்லாம முதல் நாள் நாலு மணி நேரம் ஆடிட்டு கரன்ட் போய், மறுபடியும் பல்லியில இருந்து ஆரம்பிச்சேன்.